அச்சோவியத்தில் இறைநேசச் செல்வியர்

குடவாசல், கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம் முதலிய காவிரிப் படுகை ஊர்களில் உள்ள முஸ்லிம் இல்லங்கள் பலவற்றின் முன்கூடத்தில் நாகூர் தர்காவின் அச்சுப்படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். ஐந்து மினாராக்களும் நடுவே தங்கக் கலசம் தாங்கிய குவிமாடமும் அமைந்த படம் அது. மினாராக்களுள் உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மினாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (ஆட்சிக் காலம் 1739 - 1763) எழுப்பித் தந்தது என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். அக்குவிமாடத்தின் நிழலில் மூவர் துயில்கின்றனர். ஒருவர் ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகம் (ரஹ்) அவர்கள். மற்றொருவர் அவர்களுடைய ஆன்மிக மைந்தராகிய செய்யிது யூசுப் சாகிபு (ரஹ்) அவர்கள். மூன்றாமவர் யூசுப் சாகிபு அவர்களின் துணைவியாராகிய சுல்தான் பீவி அம்மையார் (ரஹ்) அவர்கள்.

ஆண்டுதோறும் கந்தூரிக்குச் சென்று அப்படத்தை வாங்கி வருவோரிடம் அங்கே அடங்கியிருப்போர் யாவர் என்று கேட்டால் முதற்பெயரைத் தயங்காமல் கூறுவர். இரண்டாம் பெயரைப் பலர் கூறுவர். மூன்றாம் பெயரைக் கூறுவோர் எத்தனை பேர்? பெண் இறைநேசர்களை நம் சமுதாயம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்னும் பெரிய வினாவின் ஒரு சிறு முனை இது. அண்மைக் காலத்தில் உலகின் பல பகுதிகளில் அச்சோவியக் கலைஞர்கள் தத்தம் சமய மரபின் புனிதப் பெண்டிரைப் புதிய நோக்கில் கருதிப் பார்த்து, மரச்செதுக்கிலும் கல்லச்சிலும் பட்டுத்திரை அச்சிலும் படைத்து வருகின்றனர். உருவம் வரைவதை விலக்கி வைத்த மரபைச் சேர்ந்த நாம் இம்முயற்சியிலிருந்து ஏதேனும் பெற இயலுமா, அன்றி இது நமக்குத் தொடர்பற்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஜியாரத், கந்தூரி ஆகியவை குறித்துச் சமுதாயத்தில் நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே புகவில்லை. இறைவனை நேசித்து வாழ்ந்த பெண்களின் வரலாறு காக்கப்பட வேண்டும் என்பதில் எத்தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை.

உருவம் பற்றிய மார்க்க நிலை

உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்போர் பற்றிய கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளன. உருவம் வரைவதையே தொழிலாகக் கொண்டு தம்மிடம் வந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்து பிழைக்குமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பின்வந்த காலத்தில் நிழற்படம் தோன்றியபோது, எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல் முதீயீ (மறைவு 1935) போன்றோர், அது புதிதாகப் படைத்தல் ஆகாது, ஒளியால் விழும் நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று கருதி அனுமதி அளித்தனர். ஏனைய உலமாக்கள் அதனை ஏற்கவில்லை. இவ்விவாதம் இன்றளவும் தொடர்கிறது.

ஆயினும் நபிமார்கள், ஸஹாபாக்கள், இறைநேசர்கள் ஆகியோரின் உருவத்தைக் கற்பனையாக வரைவது தகாது என்பதில் நம் மரபு உறுதியாக நின்றுள்ளது. இவ்வுறுதிக்கு வணக்கத்திற்குரிய பொருளாக உருவம் மாறிவிடும் என்னும் அச்சம் ஒரு காரணம். யாரும் காணாத முகத்தைக் கண்டதுபோல் வரைவது பொய் சாட்சியாகும் என்பது மற்றொரு காரணம். இவ்விரண்டாம் காரணம் வரலாற்று மாணவருக்கு மிகவும் இன்றியமையாதது. இதனைப் பஸ்ராவின் ராபிஆ அல் அதவிய்யா (ரஹ்) அவர்களுக்கு நேர்ந்ததைக் கொண்டு விளக்கலாம்.

ராபிஆவுக்கு வழங்கப்பட்ட முகங்கள்

ராபிஆ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 185 (கி.பி. 801) அளவில் மறைந்தார்கள். சுவர்க்கத்தை எரிக்க ஒரு கையில் நெருப்பும், நரகத்தை அணைக்க மறு கையில் நீரும் ஏந்திச் சென்றார்கள் என்னும் செய்தி பிற்கால மனாகிப் நூல்களில் அவர்களைப் பற்றி வழங்குகிறது. கூலிக்காகவோ அச்சத்திற்காகவோ அன்றி, அல்லாஹ்வை அவனுக்காகவே வணங்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதே செய்தி சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்கும் சென்றது. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் வரலாற்றை 1309இல் எழுதி முடித்த ஜுவான்வில், டமாஸ்கஸ் நகரில் நெருப்பும் நீரும் ஏந்திய ஒரு மூதாட்டியை மன்னரின் தூதுக் குழுவைச் சேர்ந்த துறவி ஒருவர் சந்தித்ததாகக் குறிப்பிட்டுள்ளார். அந்நூலில் ராபிஆ என்னும் பெயர் இல்லை.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, ழான் பியர் காமு என்னும் பிரெஞ்சு ஆயர் தூய இறையன்பைப் பற்றி எழுதிய நூலில் இக்கதையை எடுத்தாண்டார். நூலுடன் ஒரு செதுக்கச்சுப் படமும் வெளிவந்தது. கீழைநாட்டு உடை அணிந்த ஒரு பெண் தீப்பந்தமும் நீர்க்கலமும் ஏந்தி நிற்கிறாள். அவளுடைய தலைக்கு மேல் ஒளிரும் சூரியனில் ஹீப்ரு எழுத்துகளில் இறைவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. முஸ்லிம் பெண் இறைநேசர் ஒருவரின் வரலாற்றிலிருந்து கிளைத்த அச்சோவியங்களுள் மிகப் பழைமையானவற்றுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். ஆனால் அதில் அவர்களுடைய பெயர் இல்லை, ஊர் இல்லை, மார்க்கமும் இல்லை. எஞ்சியது ஓர் உடையும் இரண்டு பொருள்களும் மட்டுமே.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் 1963இல் எகிப்தில் ராபிஆ (ரஹ்) அவர்களின் வரலாறு திரைப்படமாயிற்று. நபீலா உபைது அவ்வேடத்தில் நடித்தார். பாடல்கள் உம்மு குல்தூமின் குரலில் ஒலித்தன. அரபுலகில் ராபிஆ என்றவுடன் அந்நடிகையின் முகம் நினைவுக்கு வரும் தலைமுறை ஒன்று அதனால் உருவாயிற்று. நம் நாட்டிலும், துப்பட்டா போர்த்திய இளம்பெண் ஒருத்தி குர்ஆன் ஓதுவதுபோலும் கையேந்தித் துஆச் செய்வதுபோலும் வரைந்த நாள்காட்டிப் படங்கள் பல பதிப்பகங்களால் வெளியிடப்பட்டு வந்துள்ளன. வரைந்தவரின் காலமும் ரசனையும் சந்தையும் இப்படங்களில் தெரிகின்றனவேயன்றி, பஸ்ராவில் நோன்பிலும் விழிப்பிலும் முதுமையுற்ற ஒரு பெண்மணி தெரியவில்லை. முகத்தை வரைந்தவுடன் வரலாறு மறைந்துவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்சேறாத நூலும் மறைந்த பெயர்களும்

அவ்வாறாயின் உருவம் வரையாமல் இருந்ததனாலேயே நாம் இவர்களின் நினைவைக் காத்துவிட்டோமா? இதற்கு ஆம் என்று விடை கூற இயலவில்லை. நைஸாபூரைச் சேர்ந்த அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (மறைவு ஹிஜ்ரி 412 / கி.பி. 1021) சூஃபிப் பெண்மணிகளுக்கெனத் தனி நூல் ஒன்றை இயற்றினார். அதில் 80க்கும் மேற்பட்ட பெண்களின் குறிப்புகள் உள்ளன. இமாம் இப்னு ஸீரீனின் சகோதரியாகிய ஹஃப்ஸா, துன்னூன் மிஸ்ரீ (ரஹ்) அவர்கள் பெரிதும் மதித்த ஃபாத்திமா நைஸாபூரிய்யா, அழுகையிலேயே காலம் கழித்த ஷஃவானா ஆகியோர் அவர்களுள் சிலர். பின்வந்தோர் இந்நூலைக் குறிப்பிட்டனரே தவிர, நூல் தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ரியாதில் இதன் கையெழுத்துப்படி ஒன்று கண்டறியப்பட்டு, மஹ்மூது அத்தனாஹீ என்னும் அறிஞரால் 1993இல் கெய்ரோவில் பதிப்பிக்கப்பட்டது. 1999இல் ருகையா கார்னெல் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஓர் ஏடு அச்சேறாமல் இருந்ததன் விளைவு என்ன? பஸ்ராவின் ராபிஆ அவர்களும், சிரியாவில் வாழ்ந்த ராபிஆ பின்த் இஸ்மாயீல் அவர்களும் ஒருவரே எனப் பலர் மயங்கினர். ஒருவரின் கூற்று மற்றவருக்கு ஏற்றப்பட்டது. ஏனையோரின் பெயர்கள் அறிஞர்களின் நூலறைகளுக்கு வெளியே வழங்கவே இல்லை. நம் பெண்கள் அரபுக் கல்லூரிகளின் மாணவியரிடம் பெண் இறைநேசர்களின் பெயர்களைக் கேட்டால், ராபிஆ என்னும் பெயரோடு நின்றுவிடுவது அவர்களின் குற்றமன்று. நாம் அவர்களுக்கு வேறு பெயர்களை அச்சிட்டுத் தரவில்லை.

முன்னோர்கள் சொல்லாலேயே ஒருவரைக் கண்முன் நிறுத்தும் வல்லமை பெற்றிருந்தனர். ஷைகுல் அக்பர் இப்னுல் அரபீ (ரஹ்) (கி.பி. 1165 - 1240) இளமையில் செவில்லி நகரில் ஃபாத்திமா பின்த் இப்னுல் முஸன்னா (ரஹ்) என்னும் மூதாட்டியாருக்குப் பணிவிடை செய்தார்கள். அம்மையார் வசிப்பதற்குத் தம் கைகளாலேயே நாணற் குடில் ஒன்றை அமைத்துக் கொடுத்தார்கள். தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும் அம்மையாரின் முகத்தில் இருந்த பொலிவு கண்டு, நேரில் நோக்கத் தாம் கூசியதாக எழுதியுள்ளார்கள். பார்க்கக் கூசினேன் என்று கூறுவதன் வாயிலாகவே முகத்தின் ஒளியை உணர்த்திய இம்முறையில், எந்த ஓவியமும் தர இயலாத உண்மை இருக்கிறது. டில்லியில் கி.பி. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பீபி ஃபாத்திமா சாம் (ரஹ்) அவர்களை நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) (மறைவு கி.பி. 1325) நினைவுகூர்ந்த விதமும் இத்தகையதே. காட்டிலிருந்து சிங்கம் வெளிவரும்போது அது ஆணா பெண்ணா என்று யாரும் வினவுவதில்லை என்னும் கருத்து அவர்களுடைய உரைகளில் பதிவாகியுள்ளது.

மேலைநாட்டு அச்சோவியரின் முயற்சி

இனி அச்சோவியக் கலைக்கு வருவோம். பாளத்தில் செதுக்கியோ, தகட்டில் அமிலத்தால் அரித்தோ, கல்லில் மையெழுதியோ, பட்டுத்திரையில் வழித்தோ ஒரு படைப்பைப் பல படிகளாக எடுக்கும் கலை இது. மாளிகைச் சுவருக்குரிய தைல ஓவியத்தைப் போலன்றி, குறைந்த விலையில் பல கைகளை அடையக்கூடியது. சமயத்தின் செய்தியை எளிய மக்களிடம் சேர்க்கக் கிறிஸ்தவ உலகம் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் கலைஞர்கள் சிலர் இம்மரபைக் கையிலெடுத்து, புனிதப் பெண்டிரை வேறுவிதமாகக் கருதிப் பார்த்தனர். அமெரிக்காவின் மெக்சிக்க வம்சாவளியைச் சேர்ந்த எஸ்தர் எர்னாண்டஸ், மெக்சிக்க மக்கள் போற்றும் குவாதலூப்பே அன்னையைத் தம் இன மக்களின் உரிமைக்காகக் கராத்தே வீராங்கனையாக உதைத்து நிற்கும் கோலத்தில் 1975இல் அமில அரிப்பு அச்சாக வெளியிட்டார். ஜெர்மனியில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் கிக்கி ஸ்மித், பாரிஸ் நகரின் காவலராகக் கருதப்படும் ஜெனவீவை ஓநாயின் துணையோடு மீண்டும் மீண்டும் படைத்தார். மகுடமும் ஒளிவட்டமும் அணிந்து அமைதியாக நின்ற பெண்ணுருக்களை, உழைக்கும், போராடும், முதுமையடையும் மனிதப் பெண்களாகக் காட்டுவதே இவர்களின் பொது நோக்கமாக இருந்தது.

இவர்களுள் நம் கவனத்துக்கு மிகவும் உரியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கன்னியர் சபையொன்றின் உறுப்பினராக இருந்த கொரீட்டா கென்ட் (1918 - 1986). 1964இல் இவர் மர்யம் (அலை) அவர்களைப் பற்றி வெளியிட்ட பட்டுத்திரை அச்சில் முகம் இல்லை, உருவம் இல்லை. சந்தையில் தக்காளியை விளம்பரப்படுத்தும் சொற்களை எடுத்து, மர்யம் அவர்களைக் கனிகளுள் சிறந்த கனியென வியக்கும் எழுத்துகளாலேயே படத்தை நிறைத்தார். அந்நகரின் கார்டினல் அவருடைய படைப்புகள் மீது அதிருப்தி கொண்டிருந்தார். 1968இல் கொரீட்டா சபையிலிருந்து வெளியேறினார். சந்தை மொழியைப் புனிதர் மீது ஏற்றியதை நம்மவருள் பலர் ஒப்பமாட்டார்கள். ஒப்ப வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. ஆயினும் உருவ வழிபாட்டுக்கு இடமளிக்கும் ஒரு மரபிலிருந்து வந்த கலைஞரே, புனிதப் பெண்மணி ஒருவரை மக்கள் புதிதாக நினைக்க வேண்டுமாயின் முகத்தை விட்டுச் சொல்லைப் பற்ற வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தது சிந்திக்கத்தக்கது. அவர் வந்து சேர்ந்த இடத்திலிருந்துதான் நம் மரபு தொடங்குகிறது.

சொல்லே வடிவமான மரபு

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. குட்டன்பர்க் அச்சுப்பொறி அமைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.பி. 10ஆம் நூற்றாண்டு முதல் எகிப்திலும் அதனை அடுத்த நாடுகளிலும் முஸ்லிம்கள் பாளங்களில் அச்சடித்த தாள்களைப் பயன்படுத்தியுள்ளனர். குர்ஆன் வசனங்களும் துஆக்களும் பொறித்த நீண்ட தாள் சுருள்கள் அவை. தலைப்பில் கூஃபி எழுத்து கொடிபோல் பின்னி நிற்கும். கீழே சிறிய எழுத்தில் வசனங்கள் இருக்கும். இவ்வச்சுப் பாளத்தைக் குறிக்கத் தர்ஷ் என்னும் சொல் வழங்கியதை அபூ துலஃபின் கவிதை வாயிலாக அறிகிறோம். ஏழை எளியோர் கழுத்திலும் கையிலும் அணிந்துகொள்ள மலிவாக விற்கப்பட்டவை இவை. தாவீஸ் அணிவது குறித்த மார்க்கச் சட்ட வாதம் ஒருபுறம் இருக்க, இஸ்லாமிய உலகில் அச்சோவியம் எழுத்தோவியமாகவே பிறந்தது என்னும் உண்மை இதனால் பெறப்படுகிறது.

இம்மரபின் இன்றைய வாரிசாக ஒருவரைக் குறிப்பிட வேண்டுமாயின், அலிகரில் 1937இல் பிறந்து 2020இல் லண்டனில் மறைந்த ஸரீனா ஹாஷ்மியைக் குறிப்பிடலாம். தந்தையார் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஸரீனா அங்கே கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். பின்னர் பாங்காக்கில் மரச்செதுக்கையும், பாரிஸில் ஹேய்ட்டரின் அச்சுக்கூடத்தில் தகட்டச்சையும், 1974இல் டோக்கியோவில் ஜப்பானிய மரப்பாள அச்சையும் கற்றார். 1976 முதல் நியூயார்க்கில் வாழ்ந்தார். 2011இல் வெனிஸ் நகரின் ஈராண்டுக் கலை விழாவில், இந்திய அரங்கில் இடம்பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

1999இல் அவர் படைத்த 36 மரச்செதுக்குகளின் தொகுதி, வீடு என்பது அயல்நிலம் என்று பொருள்படும் தலைப்பை உடையது. வாசற்படி, கதவு, சுவர், மொழி, எல்லை போன்ற உருதுச் சொற்களை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கோடுகளால் ஆன ஒரு வடிவத்தைச் செதுக்கினார். படத்தின் அடியில் அச்சொல் நஸ்தஅலீக் எழுத்தில் அமைந்துள்ளது. 2004இல், தம் சகோதரி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்களின் மீது வீட்டின் தரைப்படத்தையும் நகரின் வரைபடத்தையும் அச்சிட்டு 8 மரச்செதுக்குகள் கொண்ட தொகுதியை வெளியிட்டார். தாய் தந்தையரின் மறைவும், வீடு விற்கப்பட்ட துயரும் அக்கடிதங்களில் உள்ளன. சகோதரியின் முகம் எங்கும் இல்லை. ஆனால் அவருடைய கையெழுத்தைக் காண்போர் அவரை அறிந்துவிடுகின்றனர்.

ஸரீனா இறைநேசச் செல்வியரைப் பொருளாகக் கொண்டு படைத்தார் என்று நாம் கூற வரவில்லை. தஸ்பீஹ், ஒளி ஆகியவற்றை அவர் வடிவங்களாக்கியதுண்டு. நாம் சுட்டுவது அவருடைய முறையை. உருவம் வரையாமலே ஒரு பெண்ணின் வாழ்வையும் வேதனையையும் அவள் எழுதிய சொல்லாலும், வாழ்ந்த இடத்தின் அமைப்பாலும் அச்சில் நிலைநிறுத்த இயலும் என்பதை அம்முறை நிறுவியுள்ளது.

தமிழகத்து அம்மையார்

நம் தமிழகத்தில் இம்முறைக்கு வேண்டிய கருவூலம் இருக்கிறது. இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள் மெய்ஞ்ஞான மாலை, மெய்ஞ்ஞானக் குறவஞ்சி, மெய்ஞ்ஞான ஊஞ்சல் ஆகியவற்றை இயற்றினார். ஊஞ்சலும் குறவஞ்சியும் பெண்கள் பாடி மகிழ்ந்த வடிவங்கள். மெய்ஞ்ஞானத்தைச் சொல்ல அம்மையார் வீட்டுக்கூடத்தில் ஆடும் ஊஞ்சலையே தேர்ந்தார் என்பது எண்ணத்தக்கது. தென்காசி ரசூல் பீவி ஞானப் பாடல்கள் பாடினார். கீழக்கரைச் செய்யிது ஆசியா உம்மா (1868 - 1948) மெய்ஞ்ஞான தீப இரத்தினம் என்னும் பெயரில் தொகுக்கப்பெற்ற பாடல்களை அரபுத்தமிழில் எழுதினார். திருச்சியில் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் அடக்கத் தலத்தில் அவர்களுடைய வளர்ப்பு மகளாரின் நினைவு போற்றப்படுகிறது. திருவனந்தபுரத்துக் கடற்கரையிலுள்ள பீமாபள்ளி, பீமா பீவி அம்மையாரின் பெயராலேயே விளங்குகிறது.

இவர்களுள் எவருக்கும் வரைபடம் இல்லை என்பது குறையாகாது. குறை வேறிடத்தில் உள்ளது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமின் முயற்சியால் அச்சேறிய பின், முஸ்லிம் புலவர்களின் நூல்கள் தொடர்ந்து பதிப்பிக்கப்பட்டன. அதே நூற்றாண்டில் அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் பெருகின. கல்லச்சைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஈய எழுத்தில் கோக்கும்போது சிதையும் அரபு எழுத்தின் அழகு, எழுதுவோர் கைப்பட எழுதிய படியே கல்லிலிருந்து தாளுக்கு இறங்கும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) போன்றோரின் நூல்கள் வீடுதோறும் பரவியது இக்காலத்தில்தான்.

அந்நூல்களின் வாசகர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்து கற்ற பெண்களுக்கு அதே எழுத்தில் அமைந்த தமிழ் நூல் எளிதில் கைவந்தது. தமிழ் எழுத்து அறியாத நம் பாட்டிமார் பலர் அரபுத்தமிழ் வாயிலாக மார்க்க நூல்களைத் தாமே படித்தனர். 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வி பரவியபோது தமிழ் எழுத்தறிவு பெருகியது. அது நன்மையே. நாகூரிலேயே சித்தி ஜுனைதா பேகம் 1938இல் காதலா கடமையா என்னும் நாவலை உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையோடு வெளியிடும் அளவுக்கு நம் பகுதிப் பெண்கள் அச்சுலகில் முன்னேறினர். ஆனால் அதே காலத்தில் அரபுத்தமிழ் வழக்கிழந்தது. விளைவாக, பாட்டி படித்த நூலைப் பேத்தியால் படிக்க இயலவில்லை. படிக்க இயலாத நூல் பரணுக்குச் சென்றது. அரபு எழுத்து என்னும் மரியாதையால் குப்பையில் எறியப்படாமல், ஓடும் ஆற்றிலோ கிணற்றிலோ இடப்பட்டவை பல. காவிரியின் கிளையாறுகள் எத்தனை கல்லச்சு ஏடுகளைக் கொண்டுபோயின என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ம.மு. உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளும், தைக்கா ஷுஐப் ஆலிம் 1993இல் வெளியிட்ட பெருநூலும் இத்துறையில் நமக்குக் கிடைத்த அரிய துணைகள். அறிஞர்களின் அலமாரியில் உள்ள இச்செய்திகளை இல்லத்தின் சுவருக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பதே இப்போதைய வினா. நாகூர்ப் படம் சட்டமிட்டுத் தொங்கும் அதே சுவரைத்தான் நாம் குறிக்கிறோம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பெயர். இறைநேசச் செல்வியரின் பெயரையும், அவர்களுக்குக் கற்பித்தோர், அவர்களிடம் கற்றோர் பெயர்களையும் கொண்ட சில்சிலாவை அழகிய எழுத்தோவியமாக மரப்பாளத்தில் செதுக்கி அச்சிடலாம். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், அம்மா என்னும் பொதுப்பெயரில் கரைந்துபோனவர்களுக்குச் சொந்தப் பெயரை மீட்டுத் தருவது நன்றியுள்ள சமுதாயத்தின் கடமை.

இரண்டாவதாக, சொல். ஆசியா உம்மா அவர்களின் ஒரு பாடலை மேலே அரபுத்தமிழிலும் கீழே தமிழ் எழுத்திலும் அமைத்து ஒரே தாளில் அச்சிட்டால், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே அறுந்த இழை மீண்டும் முடிச்சுறும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த உலமாக்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அடுத்த தலைமுறையில் இருப்பார்களா என்பது ஐயம். அரபுக் கல்லூரிகள் இதனைத் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

மூன்றாவதாக, பொருள்கள். ராபிஆ (ரஹ்) அவர்களின் இல்லத்தில் உடைந்த மண்கலம் ஒன்றும், பழைய பாய் ஒன்றும், தலையணையாகப் பயன்பட்ட செங்கல் ஒன்றுமே இருந்ததாக மாலிக் இப்னு தீனார் (ரஹ்) அவர்களின் வாயிலாக அத்தார் (ரஹ்) எழுதியுள்ளார்கள். இம்மூன்று பொருள்களை மட்டும் செதுக்கி அச்சிட்டால் போதும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காட்டிய வரம்பும் மீறப்படாது, வரலாற்றுக்கு மாறான முகமும் தோன்றாது. பெண்குலத்தின் தலைவியாகிய ஃபாத்திமா (ரலி) அவர்கள் திருகை சுழற்றிக் கைகள் காய்த்துப்போய்ப் பணியாள் ஒருவரை வேண்டியபோது, நபி (ஸல்) அவர்கள் உறங்கும் முன் ஓதுமாறு தஸ்பீஹைக் கற்றுத் தந்த வரலாறு நாம் நன்கறிந்தது. ஒரு திருகையும், அதனைச் சூழ்ந்து வட்டமாகச் செல்லும் அத்தஸ்பீஹின் எழுத்துகளும் அமைந்த மரச்செதுக்கை எண்ணிப் பாருங்கள். உளுந்தும் பயறும் திரித்துக் கை காய்த்த நம் படுகைப் பெண்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிராது.

நான்காவதாக, இடம். நாகூர்ப் படத்தை மீண்டும் அச்சிடுவோர், குவிமாடத்தின் கீழுள்ள மூன்று அடக்கத் தலங்களையும் தரைப்படமாக வரைந்து, மூன்று பெயர்களையும் பொறிக்கலாம். ஒரு வரி எழுத்துக்கு ஆகும் மைதான் இதற்குச் செலவு.

இவற்றுக்கு வேண்டிய தொழில்நுட்பம் தொலைவில் இல்லை. சென்னையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சோவியக் கூடம் அமைந்துள்ளது. தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் போன்ற அச்சோவியர்களை இத்தமிழ்நாடு உலகுக்குத் தந்துள்ளது. கவின்கலைக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் மரப்பாளத்தையும் உளியையும் அறிவர். அவர்களிடம் இல்லாதது பாடம். நம்மிடம் இருப்பதும் அதுவே. ஆலிமாக்கள் பாடத்தைத் திருத்தமாக எடுத்துத் தரவும், கலைஞர்கள் அதனைப் பாளத்தில் ஏற்றவும் முன்வந்தால் ஒரு நல்ல தொகுதியை உருவாக்குவது கடினமன்று.

இதற்கு எதிராக எழக்கூடிய தடை ஒன்றுக்கும் விடை கூற வேண்டும். எழுத்தோவியமும் நாளடைவில் வணங்கப்படும் பொருளாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். இவ்வச்சம் அடியோடு தள்ளத்தக்கதன்று. அதனாலேயே வெறும் பெயரை மட்டும் பொறிக்காமல், அவர்கள் கூறியதையும் செய்ததையும் சேர்த்துப் பொறிக்க வேண்டும் என்கிறோம். பெயர் மட்டும் இருந்தால் மரியாதை பிறக்கும். சொல்லும் செயலும் சேர்ந்தால் பின்பற்றுதல் பிறக்கும். அஸ்ஸுலமீ தம் நூலில் ஒவ்வொரு பெண்மணியையும் ஏதேனும் ஒரு கூற்றோடோ செயலோடோ அறிமுகப்படுத்தியதன் கருத்தும் இதுவேயாதல் வேண்டும்.

ஆற்றோடு போன ஏடுகளை நாம் மீட்க இயலாது. பரணில் எஞ்சியிருப்பவற்றை இறக்கிப் பார்க்க இயலும். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களின் இல்லங்களில் பாட்டனார், பாட்டியார் காலத்து அரபுத்தமிழ் ஏடு ஏதேனும் இருக்குமாயின், அதனை நீரில் இடும் முன் அருகிலுள்ள அரபுக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுமாறு வேண்டிக்கொள்கிறோம். அதன் முதற்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கக்கூடும். வல்லாஹு அஃலம்.